பெரிய பேரா, பொருந்தும் இடமா? எல்லையோரப் பிள்ளைகள் கல்லூரி தேர்ந்தெடுக்க ஒரு முழு வழிகாட்டி

கேரள–தமிழ்நாட்டு எல்லையில், கேரளப் பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினால் பொள்ளாச்சி, கோவை. மேற்கே ஏறினால் சித்தூர், பாலக்காடு. (ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, நம்ம சித்தூர்.) மே, ஜூன் வந்தால் இந்தப் பக்கத்து வீடுகளில் இரண்டு மாநிலத்துத் தேதிகளும் ஒரே காலண்டரில் வட்டம் போட்டுத் தொங்கும். தமிழ்நாட்டுப் பக்கம் 'கட்-ஆஃப் எவ்வளவு?' என்பார்கள், இங்கே 'ரேங்க் எத்தனை?' என்பார்கள். அங்கே கவுன்சலிங், இங்கே அலாட்மென்ட்.

நான் ப்ளஸ் டூ கணக்கு வாத்தியார். தமிழ் மீடியம். இருபது வருஷமாக இந்த இரண்டு மாதமும் என் வீட்டுத் திண்ணை காலியாக இருந்ததில்லை. வருகிறவர்கள் போனை நீட்டிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மாஷே, ரெண்டு எடம் கெடச்சிருக்குதுங்க. எதுங்க பெரிசு?"

எது பெரிது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும், பட்டியலைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நாலு வருஷம் ஓட்ட முடியாது. பேருக்கு மதிப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது, சில இடங்களில் நிறையவே இருக்கிறது. எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று பார்த்துத்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டும். பெற்றோரையும் பிள்ளையையும் உட்காரவைத்து ஒரு நாற்பது பக்க நோட்டில் நான் எழுதச் சொல்லும் வரிசை இதுதான். என்னிடம் வருகிறவர்களில் இன்ஜினியரிங் கேட்பவர்களே அதிகம் என்பதால் உதாரணங்களும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

படி 1: பிள்ளை எந்த மாநிலத்துக் கணக்கில் வருகிறது?

கோவைக்காரருக்கும் திருச்சூர்க்காரருக்கும் இந்தப் படியே தேவையில்லை. நமக்கு இதுதான் அஸ்திவாரம். எந்தப் பெரிய பேர் கைக்கு எட்டும் என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

என்ஐடியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதி இடங்கள் சொந்த மாநிலத்தாருக்கு. சொந்த மாநிலம் எது என்பதற்கு ஆதார் விலாசத்தையும் பிறந்த ஊரையும் பார்ப்பதில்லை, பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தார் என்று மட்டும் பார்க்கிறார்கள். சித்தூரில் ப்ளஸ் டூ முடித்தவளுக்கு அது கோழிக்கோடு என்ஐடி. அதே தெருவிலிருந்து தினமும் பஸ் ஏறிப் பொள்ளாச்சியில் படித்தவளுக்குத் திருச்சி என்ஐடி. ஆந்திர எல்லையில் நகரியிலும் குப்பத்திலும் இன்டர் (அங்கே ப்ளஸ் டூவுக்கு அதுதான் பேர்) முடிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தாடேபள்ளிகூடத்தில் இருக்கும் ஆந்திர என்ஐடி. ஐஐடியிலும் ஐஐஐடியிலும் இந்தச் சொந்த மாநிலக் கணக்கே கிடையாது. கஞ்சிக்கோட்டில் ஐஐடி இருக்கிறது என்பதற்காகப் பாலக்காட்டுப் பிள்ளைக்கு அரை மார்க் சலுகைகூட இல்லை. இதை வருஷத்துக்கு நாலு பேரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கலந்தாய்வில் விதி வேறு. எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்திருந்தால் இருப்பிடச் சான்று கேட்க மாட்டார்கள். கடைசி இரண்டு வருஷம் மட்டும் பொள்ளாச்சியில் படித்தால் அது அரைக்கிணறு தாண்டின கதை. என்ஐடிக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளை ஆகிவிடுவாள், அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு வரும்போது காகிதம் கேட்பார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கேரள அரசுப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தது அந்தக் கணக்கில் வராது.

கேரளத்தின் நுழைவுத் தேர்வான கீமில் நேட்டிவிட்டி, அதாவது எந்த மாநிலத்தார் என்ற கணக்கு, கொஞ்சம் தாராளம். பிள்ளையோ தாயோ தகப்பனோ கேரளத்தில் பிறந்திருந்தால் போதும், பள்ளிக்கூடம் எங்கே என்பது பிரச்சினை இல்லை. ஆக, பாலக்காட்டில் பிறந்து பொள்ளாச்சியில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கீமில் கேரளக் கணக்கு, என்ஐடியில் தமிழ்நாட்டுக் கணக்கு. சாதிச் சான்றிதழ் விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். ஒரு மாநிலம் கொடுத்தது இன்னொரு மாநிலத்தின் இடஒதுக்கீட்டில் செல்லாது.

இன்னும் ஒன்று. நம் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள் அதிகம், விவசாயப் படிப்பு கேட்டு வருவார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் ப்ளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கை. வெள்ளாணிக்கரையில் இருக்கும் கேரள வேளாண் பல்கலைக்கழகத்துக்கு நீட் எழுதியிருக்க வேண்டும். ஜூன் மாதம் வந்து கேட்டால் கைவிரிப்பதைத் தவிர வழியில்லை.

படி 2: பேர் யாரிடம் இருக்கிறது?

இந்த ஒரு படிக்கு மட்டும் ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்குங்கள்.

கல்லூரிப் பேர் மூன்று இடங்களில் மூன்று விதமாகச் செல்லும். ஒன்று, கல்யாண மண்டபத்துப் பேர்: பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர் 'பையன் எங்க படிக்கிறான்?' என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் புருவம் உயர்த்துகிறாரே, அது. இரண்டு, கம்பெனி வாசலில் உள்ள பேர்: வேலைக்கு ஆள் எடுக்க எந்த வளாகத்துக்குள் வருகிறார்கள் என்பது. மூன்று, துறைக்குள் இருக்கிற பேர்: அந்தப் பாடத்திலேயே வாழ்கிறவர்கள் எந்த இடத்தை மதிக்கிறார்கள் என்பது. இந்த மூன்றும் ஒரே கல்லூரியில் சேர்ந்து இருப்பது உண்டு, சென்னை ஐஐடி அப்படி. பல நேரம் மூன்றும் மூன்று திசையில் நிற்கும்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குக் கணக்கு என்றால் சோறு வேண்டாம். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் நுழைவுத் தேர்வு எழுதி இடம் வாங்கினாள். 1989-ல் தொடங்கிய சின்ன நிறுவனம். கணக்கிலும் கம்ப்யூட்டர் சயன்ஸிலும் அங்கே இளநிலைப் பட்டம் படித்தவர்கள் உலகத்தில் எங்கே போனாலும் அந்தத் துறைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். அவளுடைய தாத்தா கேட்ட கேள்வி: "இன்ஸ்டிட்யூட்டா? டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டா அது?" வீட்டில் எல்லாரும் ஏதாவது ஒரு இன்ஜினியரிங் காலேஜ் என்று நின்றார்கள். மூன்று நாள் நடையாய் நடந்து பேசினேன். போனாள்.

திருவனந்தபுரத்திலும் திருப்பதியிலும் இருக்கும் ஐசர் நிறுவனங்களும் இப்படித்தான். இயற்பியல், உயிரியலில் ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைக்கு அவை முதல் தரம். பந்தியில் சொன்னால் 'ஐசரா, அது என்ன ஆஸ்பத்திரியா?' என்று கேட்பார்கள்.

நேர்மாறும் உண்டு. கோவையின் பம்ப்செட், மோட்டார், வார்ப்படத் தொழிலுக்குள் போய் நிற்க நினைக்கிற பையனுக்கு 1945-ல் தொடங்கிய அரசு தொழில்நுட்பக் கல்லூரியும், 1951-ன் பிஎஸ்ஜி டெக்கும், 1956-ன் சிஐடியும் சுமக்கிற பேர் தூரத்து ஊரில் புதிதாக முளைத்த பெரிய நிறுவனத்துக்கு இருக்காது. அந்தப் பட்டறைகளை நடத்துகிறவர்களில் பலர் அதே வகுப்பறைகளில் உட்கார்ந்தவர்கள். அதே பையன் டெல்லியிலோ வெளிநாட்டிலோ வேலை தேடப் போனால் கதை வேறு. அங்கே ஐஐடி என்ற மூன்று எழுத்து போதும், பாலக்காடா திருப்பதியா என்றுகூடக் கேட்க மாட்டார்கள். அவை இரண்டும் 2015-ல் சென்னை ஐஐடியின் கைபிடித்து நடக்கத் தொடங்கியவை. பிராண்டு பழசு, வளாகம் புதுசு. இரண்டையும் தனித்தனியாக எடைபோடத் தெரிய வேண்டும்.

நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் இந்த மூன்று பேரையும் பத்துக்கு எத்தனை என்று போடுங்கள். முதல் பத்திக்குக் கொடுத்த மார்க்கைக் கடைசியில் கூட்டலில் சேர்க்காதீர்கள். சேர்க்காமல் இருக்கச் சொன்னால் தகப்பன்மார் முகம் போகிற போக்கு எனக்குப் பழகிவிட்டது.

படி 3: போகிற பாதையில் அந்தப் பேர் எவ்வளவு தூரம் கூட வரும்?

அரசு வேலைத் தேர்வு எழுதப் போகிறவர் என்றால் பேர் வாசல் வரைகூட வராது. யுபிஎஸ்சி ஆகட்டும், டிஎன்பிஎஸ்சி, கேரள பிஎஸ்சி, வங்கித் தேர்வு ஆகட்டும், அங்கீகாரம் பெற்ற ஒரு பட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். அந்த எண்ணம் உறுதியாக இருந்தால் வீட்டுக்குப் பக்கத்தில், படிக்க நேரம் கிடைக்கிற, கடன் வைக்காத கல்லூரிதான் சிறந்த கல்லூரி. நம் தமிழ் மீடியம் பள்ளிகளில் தமிழாசிரியர் ஆக விரும்புகிற பிள்ளைக்கு 1947-ல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியின் தமிழ்த்துறையை விட்டுவிட்டு எங்கோ ஓட வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

மருத்துவத்தில் பட்டம் எங்கே வாங்கினாலும் பதிவு ஒன்றுதான். அங்கே பேரைவிட முக்கியம் நோயாளிக் கூட்டம். வெளிநோயாளிப் பிரிவில் வரிசை நீளமாக நிற்கிற அரசு மருத்துவமனையில் கை பழகும் அளவுக்குப் பளபளவென்று காலியாகக் கிடக்கிற தனியார் வளாகத்தில் பழகாது.

சட்டம், மேலாண்மை, சாஃப்ட்வேர் ஆகிய மூன்றிலும் பேருக்கு உண்மையான சந்தை மதிப்பு உண்டு. ஆள் எடுக்கும் கம்பெனிகள் எல்லா வளாகத்துக்கும் போவதில்லை. அதிலும் சாஃப்ட்வேரில் முதல் வேலை வரைக்கும்தான் இது பெரிதாகப் பேசும், அப்புறம் கையில் என்ன வேலை தெரிகிறது என்று பார்ப்பார்கள். சட்டத்தில் இது நெடுநாள் ஒட்டிக்கொண்டே வரும்.

படி 4: ரேங்கைப் பார்க்காதீர்கள், ரேங்குக்குக் கொடுத்த கணக்கைப் பாருங்கள்

2016-லிருந்து மத்திய அரசு என்ஐஆர்எஃப் தரவரிசை வெளியிடுகிறது. இன்ஜினியரிங் பட்டியலில் கற்பித்தலுக்கும் வசதிக்கும் 30, ஆராய்ச்சிக்கு 30, படித்து வெளியேறியவர்களின் நிலைக்கு 20, பலதரப்பட்டவர்களைச் சேர்ப்பதற்கு 10, வெளியில் உள்ள மதிப்புக்கு 10 என்று நூறு மார்க். இதில் ஆராய்ச்சிக்கு உரிய முப்பதைப் பாருங்கள். கட்டுரைகள், காப்புரிமைகள், திட்ட நிதி எல்லாம் அதில்தான். நல்ல விஷயம், ஆனால் முதல் வருஷ பி.டெக் பிள்ளைக்கு வகுப்பில் யார் பாடம் எடுக்கிறார் என்பதை அது சொல்லாது. பத்து ரேங்க் முன்னே பின்னே இருப்பதை வைத்து முடிவெடுப்பது கால் மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கட்டைவிரலால் அளப்பது போல.

இந்தத் தரவரிசைக்கு ஒவ்வொரு கல்லூரியும் கொடுத்த தகவலைத் தன் வலைத்தளத்தில் போட்டிருக்க வேண்டும். அந்தப் பிடிஎஃப் கோப்புதான் தங்கம். தேடி எடுத்து, இளநிலை நாலு வருஷப் படிப்பு என்ற அட்டவணைக்குப் போங்கள். சேர்ந்தவர் எத்தனை, உரிய காலத்தில் முடித்தவர் எத்தனை, வேலை கிடைத்தவர் எத்தனை, மேற்படிப்புக்குப் போனவர் எத்தனை, நடுச் சம்பளம் எவ்வளவு என்று வரிசையாக இருக்கும்.

நானாகப் போடும் ஒரு கணக்கு. சேர்ந்தவர் 400, காலத்தில் முடித்தவர் 300, வேலை கிடைத்தவர் 180, மேற்படிப்புக்குப் போனவர் 40, நடுச் சம்பளம் ஆண்டுக்கு 5 லட்சம் என்று வையுங்கள். நடுச் சம்பளம் என்றால் வேலை கிடைத்தவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம். ஆகவே 180-ல் பாதி, அதாவது 90 பேர்தான் 5 லட்சமோ அதற்கு மேலோ வாங்குகிறார்கள். சேர்ந்தவர்கள் 400. இப்போது பொள்ளாச்சி ரோட்டில் கட்டியிருக்கும் பேனரைப் பாருங்கள், அதில் ஒரே ஒரு முகமும் அதன் கீழே '40 லட்சம்' என்றும் இருக்கும். பேனர் பொய் சொல்லவில்லை. மீதி 399 முகங்களுக்குப் பேனரில் இடம் இல்லை.

காலத்தில் முடித்தவர் எண்ணிக்கையை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அதுதான் முதல் பார்வை. நூறு பேர் தேங்கி நிற்கிறார்கள் என்றால் ஏன் என்று கேட்க வேண்டும். பாடம் கடினமா, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லையா, நடுவில் விட்டுவிட்டுப் போகிறார்களா? அதே கோப்பில் வெளிமாநிலத்தார் எத்தனை, கல்விக்கட்டணம் திரும்பக் கிடைத்தவர் எத்தனை என்பதும் இருக்கும். ஒரு குறை: எல்லாக் கிளைகளையும் (சிவில், மெக்கானிக்கல் மாதிரிப் பாடப்பிரிவுகளை) சேர்த்த மொத்தக் கணக்கு அது. உங்கள் பிள்ளை சேரப்போகும் கிளைக்குத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நாக் தரச்சான்று முழுக் கல்லூரிக்கு, என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி. 'எங்க காலேஜ் என்பிஏ' என்று யாராவது சொன்னால், எந்தக் கிளைக்கு, எந்த வருஷம் வரைக்கும் என்று திருப்பிக் கேளுங்கள்.

படி 5: பாடத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தல்

பெரிய இடத்தில் வேண்டாத கிளை, சுமாரான இடத்தில் விரும்பிய கிளை. ஜூன் மாதத்துத் தலைவலிகளில் பாதி இதுதான். 'மொதல்ல உள்ள போயிட்டா அப்புறம் கிளை மாத்திக்கலாம்' என்று ஒரு அண்ணன் எங்காவது சொல்லியிருப்பார். அந்தக் கதவைப் பல ஐஐடிகள் மூடிவிட்டன. திறந்திருக்கிற இடங்களிலும் முதல் வருஷ வகுப்பில் தலைமேல் நிற்கிற சிலருக்குத்தான் கிடைக்கும். மாற்றம் கிடைக்கும் என்று நம்பிச் சேராதீர்கள். கிடைக்காவிட்டாலும் இந்தப் பாடத்தை நாலு வருஷம் படிப்பேன் என்றால் சேருங்கள்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். அந்தக் கிளையின் ஐந்தாம் செமஸ்டர் பாடத்திட்டத்தை வலைத்தளத்தில் எடுத்துப் பிரின்ட் போடுங்கள். முதல் வருஷத்தைப் பார்த்துப் பயனில்லை, அது எல்லாருக்கும் ஒன்றுதான். ஐந்தாம் செமஸ்டரில்தான் கிளையின் உண்மையான முகம் தெரியும். பிள்ளையை உட்காரவைத்து ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வீடியோ பாடம் பத்து நிமிஷம் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டாவி வருகிறதா, 'இன்னும் கொஞ்சம் பார்க்கட்டுமா' என்கிறதா? என் மகளுக்கு இதைச் செய்தபோது, மூன்று மாதமாக 'மெட்டலர்ஜியா இருந்தாலும் பரவாயில்ல, அந்த இன்ஸ்டிட்யூட்தான்' என்றவள் அரை மணி நேரத்தில் பேச்சை மாற்றினாள். அவளைவிட எனக்குத்தான் வருத்தம். வாத்தியார் வீட்டிலும் கல்யாண மண்டபம் உண்டு. இன்னொரு பையனுக்கு அதே மெட்டலர்ஜி வீடியோ பார்த்துக் கண் விரிந்தது. பாடத்தில் மட்டம் ஒன்றும் இல்லை.

கலை அறிவியல் படிப்புக்கு இன்னொரு எல்லைக் கணக்கு. கேரளப் பல்கலைக்கழகங்கள் 2024-லிருந்து நாலு வருஷ இளநிலைப் பட்டத்துக்கு மாறிவிட்டன. மூன்றாம் வருஷ முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம், நாலாம் வருஷம் தொடர்ந்தால் ஆனர்ஸ். தமிழ்நாட்டில் வழக்கம் போல மூன்று வருஷம். ஆராய்ச்சிக்குப் போகிற எண்ணம் இருந்தால் பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியின் நாலாம் வருஷம் ஒரு லாபம். மூன்று வருஷத்தில் பி.எட். போக வேண்டும் என்றால் எந்தப் பக்கமும் சரி.

படி 6: பணம்

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது இந்த விஷயத்துக்காகவே சொன்னது. ஒரு வருஷக் கட்டணத்தை எழுதாதீர்கள், நாலு வருஷ மொத்தத்தை எழுதுங்கள். விடுதி, சாப்பாடு, வருஷம் மூன்று முறை ஊர் வந்துபோகும் ரயில், லேப்டாப் எல்லாம் சேர்த்து.

பெரிய பேர் எல்லாம் பெரிய செலவு என்று நினைக்க வேண்டாம். ஐஐடியில் கல்விக்கட்டணம் 2016-ல் ஆண்டுக்கு 2 லட்சம் ஆனது. ஆனால் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழு விலக்கு. குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குக் கீழ் என்றாலும் முழு விலக்கு, 1 முதல் 5 லட்சம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. என்ஐடிகளிலும் இப்படிப்பட்ட விலக்கு உண்டு. தென்னை ஏறும் ஒருவரின் மகனுக்கு ஐஐடி, பக்கத்துத் தனியார் கல்லூரியைவிட மலிவாக முடிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். வருமானச் சான்றிதழை மட்டும் வில்லேஜ் ஆபீஸில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இந்தக் கணக்கைப் போடுங்கள். 10 லட்சம், 10 சதவீத வட்டி, 10 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 13,200 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி ஏறுவது தனி. நாலாம் படியில் பார்த்த அந்த நடுச் சம்பளத்தைப் பன்னிரண்டால் வகுத்து, இதைப் பக்கத்தில் எழுதுங்கள். 5 லட்சம் வருஷச் சம்பளம் என்றால் மாதம் 41,000 சில்லறை, பிடித்தம் போகக் கைக்கு அதைவிடக் குறைவு. பெங்களூரில் அறை வாடகை போக மீதி என்ன என்று பிள்ளையையே கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு கழித்தலைப் பார்த்துவிட்டு வாயடைத்துப்போன வீடுகள் உண்டு.

இங்கே பேருக்கு ஒரு நேரடிப் பணமதிப்பு இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்த பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், தரவரிசையை வைத்துத் தேர்ந்த நிறுவனங்களில் இடம் கிடைத்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். வேறு அரசு உதவி வாங்காத, வருமானம் 8 லட்சம் வரையுள்ள குடும்பத்துப் பிள்ளைக்கு 10 லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. உங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் வங்கிக்குப் போகாதீர்கள்.

படி 7: வேலைநாளில் போய்ப் பாருங்கள்

'ஓப்பன் ஹவுஸ்' நாளில் போகாதீர்கள். அன்று எல்லாக் காலேஜும் கல்யாண வீடு. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை போங்கள். வாசல் வளைவையும் புல்வெளியையும் விட்டுவிட்டு, துறையின் நோட்டீஸ் போர்டில் கடைசியாக ஒட்டிய காகிதத்தின் தேதியைப் பாருங்கள். லேப் சாவி யாரிடம் என்று கேளுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் லைப்ரரியில் ஆள் இருக்கிறதா? கேன்டீனில் இரண்டாம் வருஷப் பிள்ளை ஒருவருக்கு டீ வாங்கிக்கொடுத்து, 'இங்க சந்தேகம் வந்தா யார்கிட்ட போவ?' என்று கேளுங்கள். ஒரு வாத்தியார் பேரைச் சட்டென்று சொன்னால் நல்ல துறை. 'யூடியூப்ல பார்த்துக்குவேன்' என்றால் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

மொழியையும் அங்கேயே பாருங்கள். நம் பிள்ளைகள் தமிழ் மீடியம். மலையாளம் பேசப் பழகியிருப்பார்கள், எழுதுவது வேறு. ஆங்கிலத்தில் விரிவுரை, மலையாளத்தில் விளக்கம், விடுதியில் இந்தி என்று மூன்றும் மாறி மாறி வரும் இடத்தில் முதல் செமஸ்டர் கொஞ்சம் திணறத்தான் செய்யும். இதற்காகப் பின்வாங்கச் சொல்லவில்லை. முதல் வருஷத்தில் மொழிக்கு உதவி வகுப்பு இருக்கிறதா, சீனியர்களில் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர் யாராவது உண்டா என்று தெரிந்துகொண்டு போனால் போதும். என்ஐடிக்கான ஜேஇஇ மெயினைத் தமிழில் எழுதலாம், ஐஐடிக்கான அட்வான்ஸ்டு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். இந்தத் திணறல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

படி 8: வகுப்பில் முப்பதாவதாக இருக்க முடியுமா?

இதைப் பிள்ளையிடம் தனியாகக் கேளுங்கள், அப்பா அம்மா எதிரில் வேண்டாம்.

வேலந்தாவளம் பக்கத்திலிருந்து ஒரு பையன். பள்ளியில் ஆறு வருஷமும் முதல் ரேங்க். பெரிய பேர் உள்ள ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான், பேர் வேண்டாம். ஊரே ஃப்ளெக்ஸ் வைத்தது. அங்கே வந்தவர்கள் எல்லாரும் அவரவர் ஊரில் முதல் ரேங்க். முதல் செமஸ்டரில் இரண்டு பாடம் போயிற்று. ஃப்ளெக்ஸ் வைத்த ஊரில் இதைச் சொல்ல முடியவில்லை, பொங்கலுக்குக்கூட வரவில்லை. எனக்கு போன் வந்தது மார்ச்சில். கெட்டிக்காரன்தான், பாடமும் பிடித்த பாடம்தான். தோற்றுப் பழகியதில்லை, அவ்வளவுதான். ஃப்ளெக்ஸில் என் பெயரும் வாழ்த்துபவர் வரிசையில் இருந்தது என்பது எனக்கு இன்னும் உறுத்தல். அவன் சமாளித்து முடித்தான், ஐந்து வருஷம் ஆயிற்று.

சில பிள்ளைகள் தங்களைவிடக் கெட்டிக்காரர்கள் நடுவே விட்டால் சாணை பிடித்த அரிவாள் மாதிரி ஆவார்கள். சிலர் தலைமை கொடுத்தால்தான் மலர்வார்கள், சின்னக் கல்லூரியில் முதல் மூன்று பேரில் ஒருவராக நின்று, வாத்தியாரின் கவனமும் பரிந்துரைக் கடிதமும் வாங்கி, எம்.டெக்குக்குப் பெரிய இடம் போவார்கள். உங்கள் பிள்ளை எந்த வகை என்பது மார்க் ஷீட்டில் தெரியாது. விளையாட்டில் தோற்று வந்த அன்று வீட்டில் எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

படி 9: ஆப்ஷன் கொடுக்கும் நாள்

எட்டு படி ஏறிவிட்டு இங்கே வழுக்குகிறவர்கள் அதிகம்.

ஐஐடி, என்ஐடிக்கான பொதுக் கலந்தாய்வான ஜோசா, தமிழ்நாட்டுக் கலந்தாய்வு, கேரளத்தின் கீம் மூன்றும் ஒரே மாதிரி வேலை செய்யும்: உங்கள் ரேங்குக்குக் கிடைக்கக்கூடியவற்றில் நீங்கள் மேலே எழுதியதைக் கொடுக்கும். 'கிடைக்காததை முதலில் போட்டால் வாய்ப்பு வீணாகும்' என்பது கட்டுக்கதை. ஆசைப்பட்ட வரிசையிலேயே எழுதுங்கள். ஆனால் கிடைத்தால் போக மாட்டேன் என்கிற ஒன்றைக்கூட எழுதாதீர்கள். கீமில் ஒரு இடம் ஒதுக்கிவிட்டால் அதற்குக் கீழே எழுதியவை தானாகவே அழிந்துவிடும்.

ஜோசாவில் இடம் ஒதுக்கியதும் மூன்று சொற்கள் வரும். ஃப்ரீஸ் என்றால் இதுவே போதும். ஸ்லைடு என்றால் இதே நிறுவனத்தில் நான் மேலே எழுதிய கிளை கிடைத்தால் மாறுகிறேன். ஃப்ளோட் என்றால் எந்த நிறுவனமானாலும் மேலே எழுதியது கிடைத்தால் போகிறேன். ஃப்ளோட் கொடுத்துவிட்டு மேலே உள்ளது கிடைத்தபின் பழையது வேண்டும் என்று அழுது பயனில்லை, அது அடுத்தவருக்குப் போயிருக்கும். அதனால்தான் வரிசையை உணர்ச்சிவசப்பட்ட ராத்திரியில் எழுதாதீர்கள் என்கிறேன். எழுதி, இரண்டு நாள் ஆறப்போட்டு, மறுபடி பார்த்து லாக் செய்யுங்கள்.

இரண்டு மாநிலத்துக்கும் விண்ணப்பித்தவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. ஒரு பக்கம் சேரச் சொல்லும் கடைசித் தேதி வந்துவிடும், இன்னொரு பக்கம் அடுத்த சுற்று முடிந்திருக்காது. கையில் இருப்பதில் சேர்ந்துவிட்டுக் காத்திருங்கள். விட்டுப் போனால் பணம் என்ன ஆகும்? யுஜிசி 2018-ல் போட்ட விதி இருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் முன்போ விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதி முழுவதும் திரும்பத் தர வேண்டும். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50, அதற்கு மேல் பூஜ்யம். அசல் சான்றிதழ்களைப் பார்த்துச் சரிபார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பூட்டி வைக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையை பிரின்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுத்து, தேதியோடு சீல் வாங்கிய நகலைக் கையில் வைத்துக்கொண்டுதான் அடுத்த பஸ் ஏற வேண்டும்.